மலை வீட்டின் விருந்தினர்

உறவினர் வீட்டிற்குச் செல்லும்போது அவ்வீட்டு வழக்கங்களை அறிந்து நடந்துகொள்கிறோம். அவர்கள் உறங்கும் வேளையில் ஓசை எழுப்புவதில்லை. அவர்களுடைய பொருள்களைக் கேளாமல் எடுப்பதில்லை. மலையில் கூடாரம் அடித்துத் தங்குவோரும் அத்தகைய விருந்தினரே. மரமும் விலங்கும் ஓடையுமே அவ்வீட்டிற்கு உரியவை. அதன் வழக்கங்களை அறியாமல் சென்றால் துன்பம் நமக்கும் நேரும், அவற்றிற்கும் நேரும். இதனை விளக்குவதற்கு, இலையுதிர் காலத்தில் மக்கள் குடும்பத்தோடு சென்று தங்கும் மலைகள் சிலவற்றைப் பற்றி இங்குக் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்பகுதியில், டென்னசி, வட கரோலைனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்தவை கிரேட் ஸ்மோக்கி மலைகள். ‘பெரும் புகைமலைகள்’ என்பது அப்பெயரின் பொருள். ஆயினும், அங்குத் தோன்றுவது புகையன்று. காட்டு மரங்களும் செடிகளும் வெளிவிடும் ஒருவகை ஆவி காற்றில் கலந்து, முகடுகளின்மேல் நீலநிற மூட்டமாகக் காட்சி தருகிறது.

செரோக்கி என்னும் பழங்குடி மக்கள் பன்னூறு ஆண்டுகள் இம்மலைகளைத் தாயகமாகக் கொண்டு வாழ்ந்தனர். 1838ஆம் ஆண்டில் அவர்களுள் பெரும்பாலோரை அரசின் படை மேற்கு நோக்கித் துரத்தியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சி நின்றோரின் வழித்தோன்றல்கள் இன்றும் மலைகளை அடுத்து வாழ்கின்றனர். இம்மலைகளின் மிகவுயர்ந்த சிகரம் 6,643 அடி உயரமுடையது. நெடுங்காலம் கிளிங்மன்ஸ் டோம் என வழங்கிய அச்சிகரத்திற்கு, 2024ஆம் ஆண்டில் ‘குவோஹி’ என்னும் பழைய செரோக்கிப் பெயரே மீண்டும் சூட்டப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் வெட்டும் நிறுவனங்கள் இக்காட்டின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. எஞ்சியதையேனும் காக்க வேண்டும் எனப் பலர் முயன்றனர். நிலத்தை விலைக்கு வாங்கும் பொருட்டு இரு மாநில அரசுகளும் பொருள் உதவின, செல்வர்கள் வழங்கினர், பள்ளிச் சிறுவர் சிறுமியரும் தம் சில்லறைக் காசுகளைத் திரட்டித் தந்தனர். அங்கு வாழ்ந்த உழவர் குடும்பங்கள் பல தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. இவ்வாறு பலருடைய கொடையாலும் சிலருடைய இழப்பாலும் 1934ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஒன்று உருவாயிற்று. அதன் பரப்பு ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது.

இலையுதிர் காலத்தில் இம்மலைகள் பொன்னும் குருதியும் கலந்த நிறம் பெறுகின்றன. இதன் காரணம் யாது? இலைக்குப் பசுமையைத் தருவது பச்சையம். பகற்பொழுது குறுகியதும் மரம் பச்சையத்தைப் புதிதாக ஆக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. உள்ள பச்சையமும் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற சில மரங்களின் இலைகளிலோ, தங்கிய சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறமி புதிதாகவே உண்டாகிறது. வெயில் மிக்க பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வரின் அச்சிவப்பு மிகுந்து தோன்றும். இந்நிறமாற்றம் முதலில் முகடுகளில் தொடங்கும். அக்டோபர் மாதம் முழுவதும் படிப்படியாகக் கீழிறங்கிப் பள்ளத்தாக்கை அடையும்.

முகட்டில் முதலில் தொடங்குவதற்கு அங்குள்ள குளிரே காரணம். அடிவாரத்திற்கும் சிகரத்திற்கும் இடையே 5 முதல் 11 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேறுபடும். ஆகவே, அடிவாரத்தில் இனிய வெயிலைக் கண்டு மெல்லிய ஆடையோடு மேலே ஏறுவோர் இடர்ப்படுவர். பருத்தியாடை மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். கம்பளியாடை நனைந்தபோதும் ஓரளவு வெப்பம் காக்கும். பெரியோரைக் காட்டிலும் குழந்தைகளின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். குளிரால் நடுங்கும் குழந்தை பேச்சுக் குழறிச் சோர்வுற்றால், அதனை வெறுங் களைப்பென்று எண்ணிவிடலாகாது. உடனே நனைந்த ஆடையைக் களைந்து, உலர்ந்த ஆடையும் போர்வையும் அளித்து, மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.

கூடாரம் அடிக்கும் இடத்தையும் ஆராய்ந்தே தெரிவு செய்ய வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஆதலின், பள்ளத்தைவிடச் சற்று மேடான சமநிலம் சிறந்தது. ஓடைக்கு மிக அருகில் தங்கினால் மழை வெள்ளம் சூழக்கூடும். பட்டுப்போன கிளைகளின் கீழ்த் தங்கினால் அவை காற்றில் முறிந்து விழக்கூடும். தரையும் உடலின் வெப்பத்தை ஈர்க்கும். மேலே போர்த்துவதைப் போலவே கீழே தடித்த விரிப்பு இடுவதும் இன்றியமையாதது.

இம்மலைகளின் பெருமைக்குரிய குடிகள் கருங்கரடிகள். பூங்காவில் அவை ஏறத்தாழ 1,900 உள்ளன. குளிர்காலத்தைக் கழிப்பதற்கு வேண்டிய கொழுப்பை அவை இலையுதிர் காலத்திலேயே சேர்த்தாக வேண்டும். ஓக் மரத்துக் கொட்டைகளைத் தேடி நாளின் பெரும்பொழுதை அவை உண்பதிலேயே கழிக்கின்றன. மோப்ப ஆற்றலோ மிகவும் கூரியது. கூடாரத்தில் வைத்த ரொட்டித் துண்டு மட்டுமன்று, பற்பசையின் மணமும் கரடியை அழைத்துவிடும். எனவே, உணவையும் மணமுள்ள பொருள்களையும் மோட்டார் வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. கரடியை 150 அடிக்குள் நெருங்குதலும் குற்றமாகும்.

இவ்விதி மனிதரை மட்டும் காப்பதற்கு அமைந்ததன்று. ஒருமுறை மனிதரின் உணவைச் சுவைத்த கரடி அச்சம் நீங்கி மீண்டும் மீண்டும் வரும். பின்னர் அது மனிதரைத் தாக்கவும் கூடும். அத்தகைய கரடியை இறுதியில் கொன்றுவிட நேர்கிறது. சிறுவன் ஒருவன் அன்பால் எறியும் ஒரு கவளம், அவ்விலங்கின் உயிருக்கே உலையாகிவிடும். அன்பு மட்டும் போதாது. அறிவும் உடன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நெருப்பைப் பேணுதல் அடுத்த கடமை. உதிர்ந்த சருகு நிறைந்த காலத்தில் ஒரு பொறியும் பகையாகும். 2016ஆம் ஆண்டு நவம்பரில், வறட்சி மிகுந்திருந்த வேளையில், இம்மலைகளில் மனிதரால் மூண்ட தீ பெருங்காற்றில் பரவி, அடிவாரத்திலுள்ள காட்லின்பர்க் நகர்ப்பகுதியை எரித்தது. 14 பேர் உயிரிழந்தனர். ஆகவே, உரிய அடுப்பிடத்திலன்றித் தீ மூட்டுதல் கூடாது. உறங்குமுன் நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, சாம்பல் கைக்குக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்தல் வேண்டும். வெளியூர் விறகைப் பூங்காவிற்குள் கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. அவ்விறகில் மறைந்துள்ள பூச்சிகள் காட்டு மரங்களை அழித்துவிடும் என்பதால், பூச்சிகள் மடியுமாறு வெப்பமூட்டப்பெற்ற விறகே ஏற்கப்படுகிறது.

இத்தகைய பயணத்தில் வேலையின்றி இருப்பார் ஒருவருமில்லை. தந்தை கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டுவார். மகள் முளைகளை அறைவாள். தாய் அடுப்பின்மேல் கண்வைத்திருப்பார். மகன் நீர் கொணர்வான். கைக்கு எட்டிய விளக்கையன்றி வேறு ஒளியில்லாத இரவில், ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நடப்பதே பாதுகாப்பு. வழி தவறினால் அலையாமல் ஓரிடத்திலேயே நின்று ஊதல் ஊத வேண்டும் என்பதைச் சிறுவர்க்கு முன்கூட்டியே கற்பித்தல் பெற்றோர் கடன்.

திரும்பும் நாளில் குப்பை முழுவதையும் திரட்டி, கூடாரம் நின்ற இடத்தை வந்தபோது கண்டவாறே விட்டு வருதல் முறையாகும். பள்ளிச் சிறுவர்கள் ஒருகாலத்தில் காசு சேர்த்துக் காத்த காடு அது. நாளை அங்குச் செல்லும் சிறுவனும், தான் முதல்முதலாக வந்ததாகவே எண்ணி மகிழ வேண்டும். அம்மகிழ்ச்சியை அவனுக்கென விட்டு வருபவரே நல்ல விருந்தினர்.