கேமரா வாங்கியாச்சு, முதல் வாய்ப்பை யார் தருவார்? புகைப்படத் தொழிலில் அறிமுகங்களின் பலம்

நம் இளைஞர்கள் பலர் இன்று புகைப்படத் தொழிலில் இறங்குகிறார்கள். சேமிப்பைப் போட்டோ, தவணையிலோ பல ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கேமரா வாங்கிவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பக்கமும் திறந்தாகிவிடும். அதன் பிறகுதான் காத்திருப்பு தொடங்குகிறது. படங்களைப் பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால், திருமணத்திற்கு அழைப்பவர் யாருமில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

பல வேளைகளில் இதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. முதல் சில வாய்ப்புகள் எந்த வழியாக வருகின்றன என்பது புரியாததுதான்.

ஏன் அறிமுகம் தேவை?

நாற்காலி வாங்குபவர் கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். திருமணப் படம் அப்படியல்ல. முன்பணம் கொடுக்கும் நாளில் கையில் படம் இல்லை. தாலி கட்டுவது சில நொடிகளில் முடிந்துவிடும். தவறவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் பெற்றோர் தெரிந்தவரிடம் விசாரிக்கிறார்கள்: "உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யார் படம் எடுத்தது? நேரத்துக்கு வந்தாரா? ஆல்பம் எப்போது கொடுத்தார்?" அங்கே ஒருவர் உங்கள் பெயரைச் சொல்கிறார் என்றால், தம் பெயரையே உங்களுக்குப் பிணையாக வைக்கிறார் என்று பொருள்.

உறவினரைவிட அறிமுகமானவர்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இங்கே பொருந்தும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோதான் சந்தித்திருந்தார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. சற்றுத் தள்ளி இருப்பவர்தான் புதிய செய்தியைக் கொண்டு வருவார் என்பது அவர் தந்த விளக்கம்.

நம் தொழிலிலும் இதுதான் நிலை. மாமா மகள் திருமணம், அண்ணன் பிள்ளையின் காதுகுத்து என்று நான்கு விசேஷம் எடுத்தால் உறவு வட்டம் முடிந்துவிடும். ஆனால், மண்டபப் பொறுப்பாளர், மணவறை அலங்காரம் செய்பவர், மணப்பெண் ஒப்பனைக் கலைஞர், சமையல் குத்தகையாளர், நாதஸ்வரக் குழுவினர், குருக்கள் ஆகியோர் மாதந்தோறும் புதிய குடும்பங்களைச் சந்திக்கிறார்கள். அலங்காரம் செய்தவருக்கு மணவறைப் படத்தையும், ஒப்பனைக் கலைஞருக்கு மணப்பெண் படத்தையும் குடும்பத்தாரின் அனுமதியோடு அந்த வாரமே அனுப்பி வையுங்கள். தம் வேலையை அவர் பிறரிடம் காட்டும்போதெல்லாம் உங்கள் படமும் கூடவே போகும்.

போட்டியாளரும் வழி விடுவார்

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் விருந்தினருக்கு வசதியாக வார இறுதி முகூர்த்தத்தையே தேடுகிறார்கள். ஆக, ஒரே நாளில் பல திருமணங்கள் வந்து விழுகின்றன. பெயர் பெற்ற கலைஞராக இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு மண்டபங்களில் நிற்க முடியாது. ஏற்க முடியாத அழைப்பை, அவர் நம்பும் ஒருவரிடம்தான் தள்ளிவிடுவார்.

அந்த நம்பிக்கையைப் பெற, அனுபவசாலியிடம் இரண்டாம் கேமராவாகச் செல்வதே நல்ல வழி. அதற்குச் சில எழுதப்படாத விதிகள் உண்டு. அவருடைய வாடிக்கையாளரிடம் உங்கள் முகவரி அட்டையை நீட்டக்கூடாது. எடுத்த படங்களை அன்றே ஒப்படைக்க வேண்டும். அவரைக் கேட்காமல் ஒரு படத்தையும் இணையத்தில் போடக்கூடாது.

தோட்டத்துக் கோயில் திருவிழா

பத்துமலை தைப்பூசம் கண்ணுக்கு நல்ல பயிற்சி. ஆனால், அங்கே நீங்கள் எடுக்கும் முகங்களில் பெரும்பாலானவை யாரென்று தெரியாதவை. தொடர்பு வளர வேண்டுமானால் உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் கிள்ளான், ஜொகூர், சுங்கை பட்டாணி என்று சிதறிப் போயிருந்தாலும், திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். ஒரு சிறிய கோயிலில் ஒரே நாளில் பல ஊர்க் குடும்பங்களை ஒன்றாகச் சந்திக்கலாம். நிர்வாகத்தினரிடமும் பூசாரியிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். படங்களின் ஒரு பிரதியைக் கோயிலுக்குக் கொடுங்கள்.

பணத்தில் தெளிவு வேண்டும்

அறிமுகத்தால் வரும் வேலையில் காசு பேசக் கூச்சம் வரும். "நம்ம பையன்தானே" என்ற சொல் அன்பாக வரும். பெட்ரோல் செலவுக்குக்கூட கட்டாது. உறவினருக்கும் முழு விலையை எழுதிக் காட்டி, அதன் பிறகு எவ்வளவு கழிவு என்று குறிப்பிடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் எப்போது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போகும். சிங்கப்பூரில் 2021 சட்டத்திற்குப் பிறகு நிலைமை மாறி, உடன்பாடு இல்லாதபோது உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. மலேசியாவில் தொழில் செய்பவர், படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்த அனுமதி உண்டு என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது.

தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்திலும் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். வங்கிக் கணக்குக்கும் கடனுதவி விண்ணப்பத்திற்கும் இந்தப் பதிவு உதவும்.

அப்பாவுக்குப் பெரிய மனிதர்களைத் தெரியாது என்று தயங்க வேண்டாம். மேலே சொன்னவர்களில் யாரும் எட்டாத உயரத்தில் இல்லை. அடுத்த வாரத் திருமணத்திலேயே அவர்களைப் பார்க்கலாம். ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. ஆல்பத்தை ஆறு மாதம் இழுத்தடித்தால், அந்தச் செய்தியும் இதே ஆட்கள் வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேரும்.