மழைமானிக்குள் நான்கு கம்பிகள்

2014 அக்டோபர் 29 காலை, இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. இங்கே மழையை அளப்பது உயிர் காக்கும் வேலை. 24 மணி நேரத்தில் மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், மண்சரிவுக்கு அஞ்சி வெளியேறச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்.

தானியங்கி மழைமானியில் சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையையும் மைக்ரோகன்ட்ரோலர் எண்ணிக்கொள்ளும். கணக்கை மெமரி கார்டில் எழுத, 1980களில் மோட்டோரோலா வகுத்த, சிப்புகள் பேசிக்கொள்ளும் எஸ்.பி.ஐ. முறை கைகொடுக்கும். அதில் ஒரு கம்பி தாளம் போடும். ஒன்றில் தரவு போகும், இன்னொன்றில் வரும். நான்காவது, எந்தச் சிப் பேசலாம் என்று தீர்மானிக்கும். தாளத்தின் 8 துடிப்பில் இரு பக்கமும் ஒரு பைட் கைமாறிவிடும்.

வேகம் அபாரம். ஆனால் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும் ஏற்பாடு இதில் இல்லை. கம்பி நீண்டால் சிக்னலும் சிதையும். அதனால் எஸ்.பி.ஐ.யின் பேச்செல்லாம் பெட்டிக்குள்தான்.