தோட்டாவுக்கு இல்லாத கவலை

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில் ஏறத்தாழ 120 ஜூல் ஆற்றல் இருக்கும். 50 பவுண்டு இழுவிசை கொண்ட மரவில்லிலிருந்து கிளம்பும் வேட்டை அம்பில் இருப்பதோ சுமார் 43 ஜூல்தான். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பெரிதும் பயன்படுத்தும் .30-06 ரகத் துப்பாக்கியின் தோட்டாவில் 3,800 ஜூல் அளவுக்கு இருக்கும். பந்து பட்டால் பெரும்பாலும் விலா கன்றிப்போகும், அவ்வளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான ஆற்றல் உள்ள அம்பு, மானின் இரண்டு நுரையீரல்களையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் விழுகிறது. இது எப்படி நடக்கிறது என்று கேட்டால், வில்லைவிட்டு அம்பின் நுனியில் இருக்கும் எஃகுத் தகட்டைத்தான் பார்க்கவேண்டும்.

தோட்டா திசுவைச் சிதைத்துக் கொல்கிறது. அம்புக்கு அந்த வலு கிடையாது. அது அறுக்கிறது, விலங்கு ரத்தமிழந்து விழுகிறது. விளிம்பு உண்மையிலேயே கூராக இருந்து, இரு நுரையீரல்களின் வழியே போனால், சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். விளிம்பு மழுங்கியிருந்தால் கதை வேறு. ரத்தக் குழாய்கள் ரப்பரைப்போல இழுபடக்கூடியவை. மழுங்கிய விளிம்பு வந்து மோதும்போது அவை அறுபடாமல் ஒதுங்கிக்கொள்கின்றன. அடிபட்ட விலங்கு ஓடிப்போய், யார் கண்ணிலும் படாமல், நாள்கணக்கில் வதைபட்டுச் சாகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவில் உரிமம் வாங்கிக்கொண்டு, வில்லுக்கென்றே ஒதுக்கிய பருவத்தில் வேட்டையாடுகிறார்கள். அங்கே முனையைத் தீட்டாமல் காட்டுக்குள் போகிறவனை மற்ற வில்லாளிகள் மதிக்கமாட்டார்கள். அது நியாயமும்கூட.

ஹோலிஸ் ஆலன் என்ற அமெரிக்கர் 1969-இல் காப்புரிமை பெற்ற கப்பி வைத்த வில் வந்தபிறகு பெரும்பாலோர் அதற்கு மாறிவிட்டார்கள். அதன் அம்பில் இருமடங்கு ஆற்றல் இருக்கும். மூன்று, நான்கு அலகு வைத்த முனை, உடலில் பட்டதும் விரிகிற முனை எல்லாவற்றையும் அது தாங்கும். கப்பி இல்லாத பழைய வில்லோடு இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் அவர்களில் பலர் இரட்டை அலகு முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்தான் இரட்டை அலகு. உண்மையில் அது ஒரே தகடு. நடுவில் அம்புத்தண்டு நுழையும் குழல், இருபுறமும் பின்னோக்கி விரியும் இரண்டு விளிம்புகள்.

இந்த வில்வேட்டை மரபுக்கு ஒரு விசித்திரமான தொடக்கம் உண்டு. 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே, யாஹி இனக்குழுவில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் பசியோடு வெளியே வந்தார். இஷி என்று அழைக்கப்பட்ட அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த மானுடவியல் அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டார். இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும், கிடைத்தால் உடைந்த புட்டிக் கண்ணாடியிலும், சில்லு சில்லாகப் பெயர்த்து அம்பு முனை செய்வார். அந்தக் கல்லின் விளிம்பு எஃகைவிட மெல்லிதாக வரும். ஆனால் எலும்பில் பட்டால் நொறுங்கிவிடும். 1916-இல் இஷி காசநோயால் இறந்தார். போப் எஃகு முனைக்கு மாறி, நண்பர் ஆர்தர் யங்கோடு சேர்ந்து 1920-இல் யெல்லோஸ்டோனில் வேறோர் அருங்காட்சியகத்துக்காகக் கிரிஸ்லி கரடிகளை வேட்டையாடினார். அவர் 1923-இல் வெளியிட்ட புத்தகம்தான் அமெரிக்காவில் வில்வேட்டையை மறுபடி பரப்பியது.

சரி, முனையை எப்படித் தேர்வது? முதலில் வடிவம். 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்துக்காக அம்பெய்த ஹோவர்ட் ஹில், அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம் வேண்டும் என்று சொல்லிவந்தார். காரணம் எளிது. சாய்தளம் நீளமாக இருந்தால் ஒரே உயரத்துக்குக் குறைந்த விசையில் ஏறலாம். 3 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உள்ள தகடு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு உள்ளே போகும். அதே நீள அகலத்தில் மூன்றாவது அலகு சேர்ந்தால், அறுக்கவேண்டிய நீளம் ஒன்றரை மடங்காகிறது. அம்பின் ஆற்றல் கூடுவதில்லை. காயம் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் பலவீனமான வில்லில் அது பாதியிலேயே நின்றுவிடலாம். மறுபக்கம் ஓட்டை விழாவிட்டால் ரத்தத் தடம் குறைந்து, விழுந்த மானைத் தேடுவதே பெரும்பாடாகிவிடும். 1956-இல் ஃபிரெட் பேர் கொண்டுவந்த ரேசர்ஹெட் முனை இதற்கு ஒரு சமரசம் கண்டது: தீட்டக்கூடிய இரட்டை அலகு, அதன் குறுக்கே செருகிக் கழற்றக்கூடிய மெல்லிய சவரத் தகடு.

அகலத்தைப் பெரும்பாலும் சட்டமே முடிவுசெய்துவிடுகிறது. கொலராடோ உட்படப் பல மாநிலங்களில் குறைந்தது 7/8 அங்குலம், அதாவது 22 மில்லிமீட்டர் வேண்டும். பின்புறம் தூண்டில் முள்போல மடிந்து சிக்கும் முனைகளுக்குப் பல இடங்களில் தடை உண்டு. எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 125 கிரெயின் என்றால் 8 கிராம். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் விலங்குகளின் உடலில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துபார்த்த எட் ஆஷ்பி, கனத்த எலும்பை உடைக்க மொத்த அம்பும் 650 கிரெயினாவது இருக்கட்டும் என்றார், 42 கிராம். சாதாரண மானுக்கு அவ்வளவு தேவையில்லை.

எஃகின் கடினம்தான் கடையில் யாரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. ராக்வெல் அளவில் 50-ஐ ஒட்டிய எஃகை அரம் நன்றாகக் கடிக்கும். 55-ஐத் தாண்டினால் அரம் வழுக்க ஆரம்பிக்கும். வைரத் தூள் பதித்த கல் வேண்டும். கடினமான எஃகு கூரை நெடுநேரம் தாங்கும், எலும்பில் வளையாது. விலையும் அதிகம். ஆனால் வீட்டில் ஓர் அரம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த உயர்ந்த எஃகினால் என்ன பயன்? மினசோட்டாவில் தயாரான ஸ்விக்கி முனைகள் பல தலைமுறைகளாக விற்றதற்கு, அரத்தாலேயே தீட்டலாம் என்பது பெரிய காரணம். தன் கையால் கூராக்க முடிகிற முனையே வாங்கத் தகுந்த முனை என்பது என் முடிவு.

ஒற்றைச் சரிவு முனை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்த்திருப்பார்கள். உள்ளே போகும்போது தகடு திருகும்; அந்தத் திருகல் எலும்பைப் பிளக்கும் என்பது ஆஷ்பியின் வாதம். ஆனால் அது திருகும் திசையும் பறக்கும்போது அம்பு சுழலும் திசையும் ஒத்துப்போகவேண்டும். வான்கோழியின் வலச் சிறகிலிருந்து எடுத்த இறகு ஒட்டியிருந்தால் வலச் சரிவு, இடச் சிறகென்றால் இடச் சரிவு.

தீட்டும் முன் முனையைத் தண்டில் நேராக ஒட்டியாகவேண்டும். மரத்தண்டின் நுனியை 5 பாகையில் சீவி, சூட்டில் உருகும் பசையால் ஒட்டுவார்கள். பிறகு நுனியைக் கீழே ஊன்றி அம்பைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். முனை தள்ளாடினால் திரும்பச் சூடாக்கித் திருத்தவேண்டும். கோணலான தகடு காற்றில் சிறகாகிவிடும். பின்னாலுள்ள இறகுகள் ஒருபக்கம் இழுக்க, இது மறுபக்கம் இழுக்கும்.

இனி அரம். புது முனை பெரும்பாலும் கூரில்லாமல்தான் வரும். சிலவற்றில் விளிம்பின் மேலேயே வண்ணம் பூசியிருக்கும். சரிவு முழுவதையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தே கோணம் சரியா என்று தெரிந்துவிடும். பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை போதும். அதைவிட மெலிதானால் எலும்பில் விளிம்பு மடியும். அரத்தின் பற்கள் ஒரு திசையில்தான் வெட்டும், ஆகவே முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், விளிம்பின் முழு நீளத்துக்கும் செல்லவேண்டும். மின்சாரச் சாணையில் வைக்கவே வேண்டாம். சூட்டில் எஃகு நீலமாகிவிட்டால் அதன் பதம் போயிற்று.

ஒரு பக்கம் முடிந்ததற்கு அடையாளம் எதிர்ப் பக்கத்தில் இருக்கும். விரலை விளிம்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். நுனியிலிருந்து கடைசிவரை அது தொடர்ச்சியாக இருக்கவேண்டும். இல்லாத இடத்தில் விளிம்பு இன்னும் சேரவில்லை என்று பொருள். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். பிசிறு வருவதற்கு முன்பே கல்லுக்குத் தாவி, மழுங்கல் விளிம்பைப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பார்கள். இரு பக்கமும் பிசிறு வந்தபின் அழுத்தத்தைக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுத்து அதை மெலியவைக்கவேண்டும். பிறகு நுண்கல், கடைசியாகத் தோல் வார். நுனியை மட்டும் ஊசியாக விடாமல் துளி மழுக்கிவிடுவது நல்லது. ஊசி நுனி எலும்பில் சுருண்டுகொள்ளும்.

அரத்தோடு நிறுத்திக்கொள்ளும் கட்சியும் உண்டு. அரம் விட்டுப்போகும் நுண்பற்கள் ரத்தக் குழாயைப் பிடித்திழுத்து அறுக்கும் என்று ஹில்லின் வழிவந்தவர்கள் சொல்வார்கள். வழவழப்பான வெட்டில் செல்கள் குறைவாகச் சிதைவதால், ரத்தம் உறையத் தூண்டும் பொருள்கள் குறைவாகவே கசியும், ரத்தம் நிற்கத் தாமதமாகும் என்பது எதிர்க்கட்சியின் பதில். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. ஆனாலும் நன்றாக அரம் போட்ட விளிம்பு, அரைகுறையாகக் கல்லில் தேய்த்ததைவிட எவ்வளவோ மேல்.

சோதிக்க முன்கை மயிரை மழிப்பது பழக்கம். அதைவிட நம்பகமானது, ஒரு ரப்பர் வளையத்தை லேசாக இழுத்துப் பிடித்து விளிம்பை அதன்மேல் தொடவைப்பது. அழுத்தாமலே அறுந்தால் சரி. ரப்பரும் ரத்தக் குழாயைப்போலவே ஒதுங்கப் பார்க்கும் அல்லவா?

இவ்வளவு பாடுபட்ட கூர் அம்பறாத்தூணியிலேயே போய்விடலாம். அதிலுள்ள நுரைப்பஞ்சுக்குள் செருகி உருவும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மழுங்கும். கார்பன் எஃகு ஒரே ஈர இரவில் துருப்பிடிக்கும். அதனால் விளிம்பில் வாசலின் தடவுவார்கள். பயிற்சிக்கென அதே எடையில் தனி முனைகள் வைத்திருப்பது வழக்கம். வேட்டை முனையை ஒருமுறை இலக்கில் எய்துவிட்டால், அது திரும்பவும் அரத்தடிக்குத்தான் போகவேண்டும்.