உலை கொதிக்கும் வானத்தில் விமானம் எப்படி வழி பார்க்கிறது?

நவம்பரில் சென்னையிலிருந்து லண்டனுக்கோ பிராங்க்பர்ட்டுக்கோ டிக்கெட் போட்டவர்கள், ஒரு வாரம் முன்பே செல்போனில் வானிலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மேகமும் மின்னலும் போட்ட படம் தெரிந்தால் அன்று தூக்கம் போச்சு. அம்மாவோ அப்பாவோ முதன்முதலாகத் தனியாகப் பறக்கிறார்கள் என்றால் வீடு முழுக்க அதே பேச்சுதான். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். அதற்கு அடுப்பில் உலை கொதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும்.

உலைக்குச் சூடு அடியிலிருந்து வருகிறது. அடியில் சூடான நீர் மேலே எழும்ப, மேலே இருந்தது ஓரமாகக் கீழிறங்கும். இடிமேகமும் அப்படித்தான். வெயில் முதலில் நிலத்தையும் கடலையும் சுடவைக்கிறது, அவைதான் அடுப்பு. அதன்மேல் சூடேறிய ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்ததும், அதிலுள்ள ஆவி நீர்த்துளியாகிறது.

விஷயமே இங்குதான் இருக்கிறது. உலைமூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தவர்களுக்குத் தெரியும், அது கொதிநீரைவிட மோசமாகச் சுடும். நீரை ஆவியாக்கச் செலவான வெப்பம் அத்தனையையும், மறுபடி நீராகும்போது ஆவி தோலில் இறக்கிவிடுகிறது. மேகத்துக்குள் அதே வெப்பம் காற்றில் இறங்குகிறது. காற்று இன்னும் வேகமாக மேலே பாய்கிறது. கூடவே இன்னும் ஆவியை இழுத்துக்கொண்டு போகிறது. இடிமேகம் அரை மணி நேரத்தில் மலைபோல் வளர்வது இதனால்தான்.

இந்த உலைக்கு மூடியும் உண்டு. நம் பக்கத்து வானத்தில் ஏறக்குறைய 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், மேலே போகப் போகக் காற்று குளிர்வது நின்றுவிடுகிறது. ஆவி மூடியில் முட்டிப் பரவுவதுபோல், மேகத்தின் உச்சி அங்கே தட்டையாக விரிகிறது. பயணிகள் விமானம் பறப்பதோ 10 முதல் 12 கிலோமீட்டரில். ஆகவே முழுதாக வளர்ந்த இடிமேகத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. சுற்றித்தான் போக வேண்டும். விமானத்தின் மூக்கில் இருக்கும் ராடார், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து விமானியின் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். கடுமையான மேகமென்றால் குறைந்தது 20 மைலாவது விலகிப் போகச் சொல்வார்கள்.

ஆனால் ராடார் பார்ப்பது நீரை, காற்றை அல்ல. மழை கட்டாமல் கிளம்பும் புதுக் காற்றுக் குமிழ் அதன் கண்ணில் சரியாகப் படாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மருக்கு மேலே 37,000 அடியில் குலுங்கியது. ஐந்து வினாடிக்குள் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். ஒரு பயணி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். விமானம் பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. குலுக்கலைத் தாங்கத்தான் இறக்கைகளைக் கட்டுகிறார்கள். ஆபத்து பெல்ட் போடாத உடம்புக்குத்தான். தூங்கும்போதும் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

செல்போனில் தெரியும் மழைப்படம் பெரும்பாலும் தாமதத்தைத்தான் சொல்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை ஓடுபாதையில் தண்ணீர் நின்றபோது, விமான நிலையத்தையே மூடினார்கள். இப்படி மூடும்போது, வந்துகொண்டிருக்கும் விமானங்கள் பெங்களூருக்கோ வேறு ஊருக்கோ திரும்பும். அந்த மாற்று நிலையம்வரை போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கவும் எரிபொருள் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் உள்மாவட்டங்களில் இடிமழை மாலையில்தான் வலுக்கும். காலை விமானம் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அப்போது அடுப்பு கடல். அது ராத்திரியிலும் அணைவதில்லை. சென்னையில் விடியற்காலை மழையே அதிகம். அந்த மாதங்களில் இடையில் விமானம் மாற வேண்டுமென்றால், நாலு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். பெரியவர்களின் மாத்திரை பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.