அந்த ஒரு ஒயரை கவனியுங்கள்!

எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிற வீடுகளில் பாதிப் பேர் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய 'டச் ஸ்கிரீன்' மாட்டிவிட்டார்கள். ஒன்பது இஞ்ச், பத்து இஞ்ச் என்று போட்டி வேறு! பாட்டு, வழி காட்டும் மேப், ரிவர்ஸ் எடுக்க கேமரா எல்லாம் ஒரே பெட்டியில். நல்ல வசதிதான். ஆனால் அதிலேயே சினிமாவும் ஓடுகிறதே, அதைப் பற்றித்தான் தோழிகளுக்கு எழுதுகிறேன்.

எங்கள் காருக்கும் ஒன்று மாட்ட, கார் சாமான் விற்கும் கடைக்குப் போயிருந்தோம். வேலை முடிகிற நேரத்தில் கடைப் பையன் என் கணவரிடம், "ஏனுங்கண்ணா, வண்டி ஓடும்போதும் படம் வர்ற மாதிரி பண்ணீரட்டுங்களா?" என்றான். "அப்படின்னா என்ன தம்பி?" என்று நான் கேட்டேன். பாவம், பொறுமையாகவே விளக்கினான்.

இந்த ஸ்கிரீன்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு ஒயர் வருகிறது. அதை பிரேக் சுவிட்சோடு முறையாக இணைத்தால், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கும்போது மட்டும்தான் படம் தெரியும். பிரேக்கை எடுத்ததும் படம் மறைந்துவிடும். ஆனால் அந்த ஒயரை பிரேக்கில் கொடுக்காமல் எர்த்தில் கொடுத்துவிட்டால், வண்டி எந்நேரமும் நின்றுகொண்டே இருப்பதாக அந்தப் பெட்டி நம்பிக்கொள்ளுமாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் படம் ஓடும்! "எல்லாரும் இப்படித்தானுங்கக்கா போட்டுக்கறாங்க. இதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றான்.

"குழந்தைங்க பார்க்கட்டுமே" என்றார் என் கணவர். "ஸ்டியரிங் பக்கத்துல இருக்கறத முதல்ல பார்க்கறது யாருங்க? குழந்தைங்களா, நீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கம்பெனி சொன்ன மாதிரியே இணைத்து வாங்கி வந்தோம்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். "அத்தை, அது விருப்பமில்ல, விதி" என்றாள். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறையில், ஓட்டுகிறவர் ஓட்டும்போது வீடியோ பார்க்கக்கூடாது என்றே இருக்கிறதாம். வழி பார்க்கும் மேப்புக்கு மட்டும் விலக்கு. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்ந்துவிட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பின் சீட்டில் உட்காருகிறவர்கள் பார்க்க, முன் சீட்டின் முதுகில் மாட்டுகிற சின்ன டி.வி. டிரைவர் கண்ணில் படாது. குழந்தைகளுக்கு அது போதுமே.

இரண்டு செகண்ட் திரும்பிப் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு செகண்டில் வண்டி 44 மீட்டர் போய்விடும். எங்கள் தெருவில் அது நாலைந்து வீட்டு வாசல். அத்தனை வாசலையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிற மாதிரி!

போன ஆடியில் பழனிக்கு வாடகை வேனில் போனோம். தாராபுரம் தாண்டியதும் டிரைவர் ஸ்டாண்டில் இருந்த போனில் ஒரு படத்தைப் போட்டுவிட்டார். என் நாத்தனார் எனக்குக் கண்ஜாடை காட்டினாள். மாமியார் கந்தர் சஷ்டி கவசத்தை வேகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "தம்பி, படம் வேண்டாமே" என்றேன். "பார்க்கலீங்கக்கா, தூக்கம் வராம இருக்க சும்மா கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

இதே 'சும்மா கேட்டேன்' கதை அமெரிக்காவிலும் வந்தது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபர் கம்பெனியின் தானாக ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல் மோதி, அவர் இறந்துபோனார். காரைக் கண்காணிக்கவென்றே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் போனில் டி.வி. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டது மட்டும்தான், பார்க்கவில்லை என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். ஆனால் காருக்குள் இருந்த கேமராவில், அவர் பார்வை திரும்பத் திரும்பக் கீழே போனது பதிவாகியிருந்தது. 2023-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காது ஒரு பக்கம் போனால் கண்ணும் பின்னாலேயே போகத்தானே செய்யும்? சீரியலைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குகிற நமக்கு இது தெரியாதா!

பணம் கொடுத்துப் பயணம் செய்கிறவர்கள் வாய் திறக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2025 மார்ச்சில், மும்பையிலிருந்து புனே போன பஸ்ஸை ஓட்டிக்கொண்டே டிரைவர் போனில் கிரிக்கெட் பார்த்தார். பயணி ஒருவர் அதைப் படமெடுத்து அமைச்சருக்கே அனுப்ப, அந்த டிரைவரின் வேலை போயிற்று. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. "தூக்கம் வந்தா சொல்லுங்க தம்பி, நிறுத்தி டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் படத்தை நிறுத்திவிட்டார். டீக்கடையிலும் நிறுத்தினார், எங்கள் செலவில்.

உங்கள் காரிலும் ஸ்கிரீன் இருந்தால், இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வீட்டுக்காரரைக் கால் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொல்லுங்கள். படம் நின்றால் சரி. நிற்காமல் ஓடினால் மாட்டிய கடைக்கே போய், "ஹேண்ட் பிரேக் ஒயரை பிரேக்கிலேயே கொடுங்க" என்று கேளுங்கள். சில ஸ்கிரீன்களில் ஒயருக்குப் பதில் செட்டிங்கில் இருக்கும். அதையும் அவர்களே மாற்றித் தருவார்கள்.

- ஒரு வாசகி, திருப்பூர்