கூலியில் விழும் சுங்க வரி

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டு எடுக்கிறவர்கள் எங்கே பேரம் பேசுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கிளட்ச் செட்டின் விலை டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. அதில் பேச இடமில்லை. ஆயில் விலையும் அப்படித்தான். மிச்சம் இருப்பது மெக்கானிக்கின் கூலி ஒன்றுதான். "பார்ட்ஸுக்கே இவ்ளோ போயிடுச்சு, லேபர்ல பாத்து போடுண்ணா" என்று கேட்காத வாடிக்கையாளர் அரிது. மெக்கானிக்கும் தெரிந்த முகம் என்று நூறோ இருநூறோ குறைத்துக்கொள்கிறார்.

பாகத்தின் விலை ஏன் அவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகத்திலும் ராஜாஜி சாலையின் சுங்க மாளிகையிலும் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் தாக்கலான மத்திய பட்ஜெட் வாகன உதிரி பாகங்கள் பலவற்றின் இறக்குமதி வரியை ஏழரை, பத்து சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், இன்ஜின் உள்பாகங்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. அதே பட்ஜெட், சுங்க வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரியையும் கொண்டுவந்தது. ஆக 15 என்பது கையில் 16.5 ஆகிறது. 2021 பட்ஜெட்டில் வாகனக் கண்ணாடி, இக்னிஷன் வயரிங் போன்றவையும் 15 சதவீதத்துக்கு ஏறின.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்பாகம் ஒன்று கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குத் துறைமுகம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 600, கூடுதல் வரி 60. அடக்கம் 4,660 ரூபாய். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை மூவரும் சேர்ந்து நாற்பது சதவீதம் லாபம் வைத்தால் 6,524. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால், கடையில் நாம் கொடுப்பது சுமார் 7,700 ரூபாய். சுங்க வரியே இல்லாவிட்டால் இதே பாகம் சுமார் 6,600 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். துறைமுகத்தில் 660 ரூபாயாக நுழைந்த வரி, கொருக்குப்பேட்டை வந்து சேரும்போது 1,090 ரூபாயாக வளர்ந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தன் லாபத்தைச் சதவீதமாக வைப்பதால், வரியின் மேலும் லாபம் ஏறுகிறது. அந்த லாபத்தின் மேல் மறுபடி ஜி.எஸ்.டி. ஏறுகிறது.

இதில் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. எல்லாரும் வழக்கமான வியாபாரம்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் ரூபாயைச் சரிக்கட்டக் கடைசியில் இழுபடுவது ஸ்பானர் பிடிக்கிற கை.

டாலர் கணக்கு இன்னொரு பக்கம். 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. சுங்க வரி ரூபாய் மதிப்பின் மேல் போடப்படுகிறது. 50 டாலர் பாகத்துக்கு அன்று 528 ரூபாய் வரி என்றால், 90 ரூபாய்க் கணக்கில் 742 ரூபாய். சதவீதம் அசையவில்லை, பட்ஜெட்டில் ஒரு வார்த்தை மாறவில்லை, ஆனாலும் வரி இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. இதைத் தலைப்புச் செய்தியாக எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான உதிரி பாகங்கள் 28 சதவீத அடுக்கில் உட்கார்ந்தன; ஆடம்பரப் பொருளுக்குப் போடும் வரி பிரேக் ஷூவுக்கும் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது எல்லாப் பாகங்களுக்கும் 18 ஆகக் குறைந்தது. மேலே சொன்ன பாகத்தில் மட்டும் இது சுமார் 650 ரூபாய் மிச்சம். ஆனால் பதிவு இல்லாத சிறிய மெக்கானிக்குக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவு கட்டாயமில்லை என்பது அவருக்கு ஒரு வகையில் நிம்மதி. கட்டிய வரியை யாரிடமும் கழிக்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

சரி, இந்த இறக்குமதி வரி எதற்காக? உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பதற்காக. இந்தப் பதிலை வடசென்னைக்காரர் யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இந்த மண்ணின் தொழிற்சாலைகள் பலவும் அந்தக் காப்பில் வளர்ந்தவைதான். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. வெறுமனே பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே செய்யும் திட்டம் வேண்டும் என்று 1953-ல் வரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசு கறாராகச் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எண்ணூர் நிறுவனமோ 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, லாரி செய்யும் ஆலையாக வேர் பிடித்தது. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைப் பூட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பாகங்கள் எல்லாம் இங்கேயே தயாராயின. 1946-ல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1960களில் டயர் செய்தது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் அந்தக் காலத்துக் குழந்தைகள்.

அந்த வரிச்சுவர் இல்லாமல் இந்த ஆலைகள் இந்த அளவுக்கு நின்றிருக்காது என்றே நான் நினைக்கிறேன். வடசென்னையின் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில். இன்றைய மெக்கானிக்குகளில் பலருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரிகளும் அந்த ஆலைகளின் வழியாக வந்தவர்கள்தான்.

ஆனால் பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டது. 2024-25-ல் இந்தியா சுமார் 2,290 கோடி டாலருக்கு உதிரி பாகங்களை ஏற்றுமதி செய்தது. இறக்குமதி சுமார் 2,240 கோடி டாலர். உலகச் சந்தையில் போட்டி போட்டு விற்கிற தொழிலுக்கு இனியும் எல்லாப் பாகத்திலும் ஒரே மாதிரிச் சுவர் தேவையா? பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஃபில்டர், சைலன்சர் போன்றவற்றை நம்மவர்கள் தரமாகச் செய்கிறார்கள். அங்கே வரி இருந்தால் அதற்கொரு நியாயம் உண்டு. இங்கே யாருமே செய்யாத, செய்தாலும் கார் கம்பெனிக்கு மட்டும் போய்ச் சேர்கிற பாகத்துக்கு அதே 15 சதவீதம் எதற்கு? அந்த வரி எந்தத் தொழிலாளியையும் காப்பாற்றவில்லை. பழைய கார் வைத்திருப்பவரிடம் வசூலாகிறது, அவ்வளவுதான்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள், கம்பெனியே கைவிட்டுப் போன கார்களை வைத்திருப்பவர்கள். செவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் 1999-லிருந்து கார் செய்த ஃபோர்டு, இனி இங்கே கார் தயாரிப்பதில்லை என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. இந்தக் கார்களை இரண்டாம் கையாக வாங்கியவர்களில் டாக்சி ஓட்டுநர்களும் சின்ன வியாபாரிகளும் உண்டு. உள்ளூரில் உற்பத்தி நின்ற பாகம் வெளியிலிருந்து வந்தால், செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த காருக்கே வெளிநாட்டு வரி கட்ட வேண்டியதுதான்.

லாரிக்காரர் கதை இதைவிடக் கடினம். துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில் ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு டயர்தான் பெரிய செலவு. 2017-ல் சீன லாரி, பஸ் ரேடியல் டயர்களுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2018-ல் சுங்க வரி 10-லிருந்து 15 ஆனது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியே உரிமம் இருந்தால்தான் என்றாகிவிட்டது. திருவொற்றியூர் டயர் ஆலைக்குப் பாதுகாப்பு; சில கிலோமீட்டர் தள்ளி ஒற்றை டிரெய்லர் வைத்துப் பிழைப்பவருக்குச் செலவு. இரண்டு பேருமே நம்மவர்கள்.

விலை ஏறினால் மக்கள் என்ன செய்வார்கள்? முதலில் புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தைக்குப் போவார்கள். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகத்தில் தவறே இல்லை. ஆனால் புதிய பாகம் ஏறினால் செகண்ட்ஸ் விலையும் கூடவே ஏறும். அங்கும் கட்டுப்படியாகாவிட்டால் அடுத்தது டூப்ளிகேட். அசல் கம்பெனி டப்பாவைப் போலவே அச்சடித்து, ஹாலோகிராம் மாதிரி ஒன்றையும் ஒட்டி விற்கிறார்கள். கதவுக் கைப்பிடியில் டூப்ளிகேட் என்றால் கைப்பிடி உடையும், அவ்வளவுதான். பிரேக் பேடில், ஸ்டியரிங் பால் ஜாயின்ட்டில் டூப்ளிகேட் என்றால், எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் டிரெய்லர் திடீரென்று நிற்கும்போதுதான் தெரியும். வரியால் வரும் பணத்தைக் கணக்கிடும் அரசு, அந்த வரியால் கள்ளப் பாகத்துக்குக் கிடைக்கும் சந்தையையும் கணக்கிட வேண்டும்.

இறக்குமதியை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அந்நியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி வந்தது 2025 பிப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுகள் அந்த நாடு பழைய வண்டிகளைப் பழுது பார்த்தே ஓட்டியது. அமெரிக்காவும் 2025 மே 3 முதல் இறக்குமதி உதிரி பாகங்களுக்கு 25 சதவீதம் போட்டது. அதனால் நம் ஏற்றுமதி ஆலைகளுக்கு என்னாகும் என்று இங்கே நிறையப் பேசினோம். நம் ஊர் வரி நம் ஊர் ஒர்க்‌ஷாப்பை என்ன செய்கிறது என்று அதில் கால்வாசிகூடப் பேசவில்லை.

2026 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு முடிவான ஒப்பந்தத்தின்படி, அங்கிருந்து வரும் பாகங்களின் வரி ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் இல்லாமல் போகும். பத்து வயதான காருக்கு அது காலம் கடந்த மருந்து. வேண்டியது எளிய வேலை: உள்நாட்டில் சில்லறைக் கடைக்குக் கிடைக்காத பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு அடுத்த பட்ஜெட்டிலேயே வரியை ஐந்து சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். பாக உற்பத்தியாளர் சங்கங்கள் டெல்லி வரை போய்ப் பேச முடியும். சாலையோர மெக்கானிக்குக்கு அங்கே ஆள் இல்லை; அவர் சார்பில் தமிழக எம்.பி.க்கள்தான் பேச வேண்டும்.

வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பாகத்துக்குப் பில் கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் இருப்பது 2025 செப்டம்பருக்கு முந்தைய பழைய விலை என்றால், வரிக் குறைப்பைக் கழிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கின் கூலியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.