சீலிங் செய்தார்களா?

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘ஒரே அனோடைசிங் தொட்டியில் முக்கியெடுத்த இரண்டு அலுமினியப் பாகங்களில் ஒன்று பளிச்சென்று வந்தது, இன்னொன்று கறுத்துத் திட்டுத் திட்டாக வந்தது. தொட்டியில் கோளாறா?’

கோளாறு தொட்டியில் இல்லை. பளிச்சென்று வந்தது 6063 போன்ற எக்ஸ்ட்ரூஷன் ரகமாக இருக்கும். கறுத்தது அநேகமாக ஏடிசி12 டை காஸ்டிங். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கான். அது ஆக்சைடாக மாறாமல் அடம்பிடித்து நிறத்தைக் கெடுக்கும். அதற்குப் பவுடர் கோட்டிங்தான் சரி. எர்த் வயர் பிடிக்கும் இடத்துக்கு மட்டும் மின்சாரத்தைத் தடுக்காத குரோமேட் பூச்சு. அதிலும் மூவிணைதிறன் குரோமியம் என்று கேட்டு வாங்குங்கள். அறுவிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதன் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதை நாம் மறக்கலாகாது.

என்னை மயக்குவது அனோடைசிங்தான். அது மேலே பூசுவதல்ல. கந்தக அமிலத்தில் மின்சாரம் பாய, உலோகமே தன் மேல்தோலை ஆக்சைடாக வளர்த்துக்கொள்கிறது. அந்தத் தோல் முழுக்க நுண்துளைகள்: ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான கோடி. சாயம் ஏறுவது அவற்றில்தான். அப்படியே விட்டால் உப்பும் ஈரமும் ஏறுவதும் அவற்றில்தான்.

புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குவார் என் பாட்டி. கஞ்சி துளைகளை அடைத்துவிடும். இங்கே கஞ்சியும் வேண்டாம். கொதிநிலையை ஒட்டிய சுத்தமான தண்ணீரில் வைத்தால், ஆக்சைடே நீரைக் குடித்து உப்பித் தன் துளையைத் தானே மூடிக்கொள்ளும். இதுதான் சீலிங்.

மைக்ரானுக்குச் சுமார் 3 நிமிடம் ஆகும். 20 மைக்ரான் தோலுக்கு ஒரு மணி நேரம் வெந்நீர்த் தொட்டி கொதிக்க வேண்டும். ஜாப் ஒர்க்கில் விலையை நசுக்கினால் முதலில் காணாமல் போவது இந்த ஒரு மணி நேரம்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சொட்டுச் சாயம் வைத்துக் கழுவிப் பாருங்கள், கறை தங்கினால் துளை திறந்திருக்கிறது.

டிராயிங்கில் ‘அனோடைஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மைக்ரான், சீலிங் உண்டா என்று எழுதுங்கள். எழுதினால் அந்த ஒரு மணி நேரத்துக்கான காசையும் கொடுங்கள். வெந்நீர் சும்மா கொதிக்காது.